இடஞ்சுழிக் கார்: ஸ்டாக் கார் ஓட்டப் பழக எந்தப் பழைய விளையாட்டு?

அக்கா மகன் மன்னார்குடியிலிருந்து போன் செய்து ஒரே வரியில்தான் கேட்டான். “மாமா, ஸ்டாக் கார் ஓட்டக் கத்துக்கணும். வீட்ல பழைய கம்ப்யூட்டர்தான் இருக்கு. எந்த கேம்ல ஆரம்பிக்கட்டும்?” அமெரிக்காவில் நாஸ்கார் என்ற அமைப்பு, பெரும்பாலும் முட்டை வடிவ ஓவல் தடங்களில் நடத்தும் பந்தயத்தின் கார்தான் ஸ்டாக் கார். போனில் அரை மணி நேரம் பேசியும் பதில் முடியவில்லை. அப்புறம் நேரில் போய் இரண்டு வார இறுதிகள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தோம். அவனுக்குச் சொன்னதையும் அவனிடமிருந்து நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் முன்னால் இருந்தவை நான்கு விளையாட்டுகள். பாப்பிரஸ் நிறுவனம் செய்து 2003 பிப்ரவரியில் வந்த நாஸ்கார் ரேசிங் 2003 சீசன். மான்ஸ்டர் கேம்ஸ் செய்து 2000-இல் வந்த நாஸ்கார் ஹீட். 1970-ஆம் ஆண்டுப் பந்தயங்களை வைத்துப் பாப்பிரஸ் 1999-இல் கொண்டுவந்த நாஸ்கார் லெஜண்ட்ஸ். 2005-இல் வந்த ஆர்ஃபேக்டர். நான்கையும் நான் வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குறுந்தகடு கையில் இருந்தால் 2003 சீசன். இல்லையென்றால் ஆர்ஃபேக்டர். ஹீட்டை முதல் மாதத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். லெஜண்ட்ஸ் அப்புறம்.

ஏன் என்று புரிய, இதில் கற்றுக்கொள்ள என்னதான் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். “வட்டமாச் சுத்துறதுல என்ன இருக்கு?” என்று என்னிடம் கேட்காத ஆள் கிடையாது.

நான் திருவலஞ்சுழிக்குப் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் பக்கத்தில் தேர் நான்கு வீதியையும் வலமாகத்தான் சுற்றும். ஸ்டாக் கார் அதற்கு நேர் எதிர். ஓவல் தடத்தில் எல்லாத் திருப்பமும் இடப்பக்கம். ஆனால் திருவாரூர் ஆழித்தேரை ஒருமுறையாவது பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். நேர் வீதியில் வடம் பிடிப்பது கூட்டத்தின் வேலை, வீதி முனையில் தேரைத் திருப்புவது முட்டுக்கட்டை போடுகிறவரின் வேலை. எந்தச் சக்கரத்துக்கு எப்போது கட்டை, எவ்வளவு நேரம் என்பதில்தான் தேர் நேராக வந்து நிற்பது இருக்கிறது. ஸ்டாக் காரும் அப்படித்தான். நேர்ச்சாலையில் எல்லோரும் ஒரே வேகம்தான். சுற்று நேரம் கூடுவதும் குறைவதும் வளைவில், அதிலும் வலது கால் சும்மா இருக்க வேண்டிய அந்த ஒரு வினாடியில்.

நாஸ்காரின் முதல்நிலைத் தொடரான கப் பந்தயத்தில் 2003-இல் ஓடிய காரின் எடை 3,400 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,540 கிலோ. கார்புரேட்டர் வைத்த வி8 இன்ஜின், 700 குதிரைத்திறனுக்கு மேல், பின்சக்கர ஓட்டம், நான்கு கியர். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது, சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் கிடையாது. இவ்வளவு கனத்தை இவ்வளவு வேகத்தில் திருப்பும்போது பாரம் முழுக்க வலது முன் டயரில் போய் உட்காருகிறது. அந்த ஒரு டயரை எவ்வளவு நேரம் காப்பாற்றுகிறோம் என்பதுதான் கலை. முன்பக்கம் திரும்ப மறுத்து நேராகச் சுவரை நோக்கிப் போனால் அதற்கு ‘டைட்’ என்று பெயர். பின்பக்கம் வால் வீசினால் ‘லூஸ்’. ஓட்டப் பழகுவது என்றால் இந்த இரண்டையும் கையாலும் உட்காரும் இடத்தாலும் அடையாளம் காணப் பழகுவது. எந்த விளையாட்டு இதை உண்மையாகக் காட்டுகிறதோ அதில்தான் பழக வேண்டும். சீக்கிரம் ஜெயிக்க வைக்கும் விளையாட்டு பழக்கத்துக்கு ஆகாது.

இந்த அளவுகோலில் 2003 சீசன் மற்ற மூன்றையும் விட ஒரு படி மேலே நிற்கிறது. அதற்கு ஒரு பின்கதை உண்டு. இதே பாப்பிரஸ் 1998-இல் கிராண்ட் ப்ரீ லெஜண்ட்ஸ் என்று 1967-ஆம் ஆண்டு ஃபார்முலா 1 கார்களை வைத்து ஒரு விளையாட்டு செய்தது. நான்கு டயரும் தனித்தனியாக ரோட்டைப் பிடிப்பதும் விடுவதும் அதில்தான் அப்படி ஒரு நுணுக்கத்தோடு வந்தது. அந்த அடித்தளத்தை எடுத்து 2001-இல் நாஸ்கார் ரேசிங் 4 செய்தார்கள். அடுத்த ஆண்டு 2002 சீசன், அதற்கடுத்து 2003 சீசன். ஆக இது மூன்று வருடம் தீட்டப்பட்ட கத்தி. பாப்பிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவிட் கேமர் பிற்பாடு ஐரேசிங் என்ற இணையப் பந்தய விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கியபோது, 2003 சீசனின் நிரல்தான் அதற்கு விதையாக இருந்தது.

இனி மன்னார்குடி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பையனை ராக்கிங்ஹாம் தடத்தில் விட்டேன். வட கரோலினாவில் உள்ள தடம் அது, அந்தக் காலத்துக் கணக்கில் 1.017 மைல். விளையாட்டில் வரும் அந்தப் பழைய தரை சொரசொரப்பு, டயரை அரைத்துத் தின்னும். முதல் எட்டுச் சுற்று பிரமாதமாக ஓட்டினான். பதினைந்தாவது சுற்றில் நேரம் அரை வினாடி கூடியது. இருபதாவது சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்தான். கார் நேராகப் போய்ச் சுவரில் உரசியது.

“திருப்புறேன் மாமா, கேக்கவே மாட்டேங்குது.”

அத்தான் அப்போதுதான் வயலிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் விளையாட்டுகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அன்று நிலைப்படியில் நின்று இரண்டு சுற்று பார்த்தார். “சேத்துல முன்சக்கரத்த ஒடிச்சா ஒடிச்ச பக்கமாவா போவும்? நேராத்தான் தள்ளும். மொதல்ல வேகத்தக் கொறடா” என்றார். நடவுக்குச் சேறு கலக்கும்போது டிராக்டரை வரப்போரம் திருப்புகிறவர்கள் தினமும் பார்ப்பதுதான் இது. முன்சக்கரத்தை எவ்வளவு ஒடித்தாலும் அது சேற்றை உழுதுகொண்டு நேரே போகும். வேகத்தைத் தளர்த்தி, உள்பக்கத்துப் பின்சக்கரத்து பிரேக்கை மட்டும் மிதித்தால்தான் வண்டி திரும்பும். ஸ்டாக் காரில் அந்தத் தனி பிரேக் கிடையாது. ஆனால் முன்சக்கரம் பிடியை இழக்கும் காரணம் அதேதான்.

பந்தயத்தின் நடுவில் டயர் மாற்ற வண்டியை நிறுத்தும் இடமான பிட்டுக்குள் பையனை வரச் சொன்னேன். 2003 சீசனில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வண்டியை நிறுத்தினால் நான்கு டயரின் சூட்டையும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று பிரித்துக் காட்டும். அவனுடைய வலது முன் டயர் மற்ற மூன்றையும் விட நாற்பது டிகிரிக்கு மேல் சூடாகியிருந்தது. இருபதாவது சுற்றில் சுவரில் இடித்த தவறை அவன் செய்தது இருபதாவது சுற்றில் இல்லை. நன்றாக ஓட்டுகிறோம் என்று நினைத்த முதல் எட்டுச் சுற்றிலேயே, ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் தாமதமாக பிரேக் பிடித்து, கொஞ்சம் அதிகமாக ஒடித்து, அந்த டயரைச் சுட்டு வைத்துவிட்டான். இதைப் புத்தகமாகப் படித்தால் மண்டையில் ஏறாது. சூட்டு எண்ணைப் பார்த்ததும் அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அடுத்த முறை ஒரு கார் நீளம் முன்னதாகவே ஆக்சிலேட்டரை விடச் சொன்னேன். நேராக இருக்கும்போதே பிரேக், வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை மெதுவாக விடுவது, நடுவில் எதையும் மிதிக்காமல் காத்திருப்பது, ஸ்டீரிங்கைப் பிரிக்கப் பிரிக்க அதே அளவுக்கு ஆக்சிலேட்டரைக் கொடுப்பது. காத்திருக்கும் அந்த நொடிதான் எல்லோருக்கும் கஷ்டம். கால் துடிக்கும். அப்போது மிதித்தால் பாரம் பின்னால் போய் முன்பக்கம் எழும்பும், கார் வெளியே தள்ளும். இன்னும் பலமாக மிதித்தால் வால் வீசும். இரண்டையும் 2003 சீசன் மிதித்த அளவுக்குத் தக்கபடி தருகிறது. திடீரென்று காரணமே தெரியாமல் சுழற்றிவிடாது.

செட்டப், அதாவது ஓட்டும் முன் காரைத் திருகி வைக்கும் அமைப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. கூடவே வரும் செட்டப்களில் வேகமானதை எடுத்தால் முதல் நாளே சுழன்று சுழன்று வெறுத்துப் போகும். எளிதானதில் தொடங்குங்கள். வெட்ஜ் (குறுக்கு மூலைச் சக்கரங்களில் பாரத்தைப் பங்கிடுவது), டிராக் பார் (பின் அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் தண்டு) என்று நிறையத் திருகலாம். வெட்ஜைக் கூட்டினால் கார் டைட் பக்கம் போகும், பின்னால் டிராக் பாரை உயர்த்தினால் லூஸ் பக்கம் போகும். ஆனால் ஒரே மாதிரி இருபது சுற்று ஓட்ட வராதவர் செட்டப்பை மாற்றினால், மாறியது காரா தன் காலா என்று அவருக்கே தெரியாது. இன்னொன்று: நேர்ச்சாலையில் கார் தானாக இடப்பக்கம் இழுக்கும். வலது பின் டயர் இடதை விடச் சற்றுப் பெரியது என்பது ஒரு காரணம். புதிதாக ஓட்டுகிறவர்கள் ஸ்டீரிங் பழுது என்று நினைத்துக் கழற்றிப் பார்க்கிறார்கள். வலப்பக்கம் லேசாகப் பிடித்திருந்தால் போதும், அது அப்படித்தான்.

சரி, குறை என்ன? கிடைப்பது அரிது என்பதுதான் குறை. நாஸ்கார் விளையாட்டு உரிமம் முழுவதும் ஈஏ நிறுவனத்துக்குப் போனதால் 2003 சீசனோடு பாப்பிரஸின் வரிசை நின்றது. இன்று அது எந்த இணையக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. பழைய பெட்டியைத்தான் தேட வேண்டும். எனக்குச் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வரும்போது வாங்கி வந்த பெட்டி. இருபது வருடமாகப் பீரோவில் துணிகளுக்கு நடுவில் இருக்கிறது. குறுந்தகடு இருந்தாலும், மடிக்கணினிகளில் அதைப் போடும் இடமே இப்போது இல்லை. அந்தக் காலத்து விளையாட்டுகள் பலவற்றில் இருந்த சேஃப்டிஸ்க் என்ற பூட்டு முறையை விண்டோஸ் 10 ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள். மன்னார்குடி வீட்டில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய மேசைக் கணினி. பையனுக்கு அதில் வருத்தம், எனக்கு அதில் சந்தோஷம். இந்த விளையாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இயந்திரம் கிடையாது.

பழைய கணினி இல்லாதவர்களுக்கு ஆர்ஃபேக்டர். ஈஏ-வுக்கு ஃபார்முலா 1 விளையாட்டுகள் செய்து கொடுத்த இமேஜ் ஸ்பேஸ் நிறுவனம் செய்தது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் கிடைக்கிறது, இன்றைய விண்டோஸில் ஓடுகிறது, இன்றைய ஸ்டீரிங்குகளை ஒழுங்காக அடையாளம் கண்டுகொள்கிறது. மூன்றும் பெரிய விஷயம். நாஸ்கார் பெயரில் எதுவும் அதில் இல்லை. ரசிகர்கள் செய்து வைத்த ஸ்டாக் கார் மாட்களை, அதாவது விளையாட்டில் சேர்க்கும் கூடுதல் தொகுப்புகளை, இறக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கேதான் கவனம் தேவை. ஒவ்வொரு மாடையும் வேறு வேறு ஆள் செய்திருக்கிறார், டயர் எப்படிச் சூடாகும், எப்போது பிடியை விடும் என்பது அவரவர் கணக்கு. நான் ஓட்டிய ஒரு மாடில் டயர் தேயவே தேயாது. இன்னொன்றில் ஐஸ்கட்டி மேல் ஓட்டுவது போல இருந்தது. நல்ல மாட் கிடைத்துவிட்டால் 2003 சீசனுக்கு மிக அருகில் வரும். எது நல்லது என்று கண்டுபிடிக்க, ஒரே தடத்தில் முப்பது சுற்று ஓட்டிப் பாருங்கள். முதல் ஐந்து சுற்றுக்கும் கடைசி ஐந்து சுற்றுக்கும் நேரம் மாறவே இல்லையென்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். சொந்தக் காலைப் பற்றி அது எதுவும் சொல்லித் தராது.

ஹீட் வேறு மாதிரி. அதில் ‘பீட் த ஹீட்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. முழுப் பந்தயம் இல்லாமல், இந்தச் சூழ்நிலையிலிருந்து தப்பி வா, இத்தனை சுற்றில் இவரை முந்து என்று சின்னச் சின்னச் சவால்கள். ‘ரேஸ் த ப்ரோ’ என்று இன்னொன்று. உண்மையான நாஸ்கார் ஓட்டுநர்கள் பதிவு செய்த சுற்றை நிழல் காராக நம் முன்னால் ஓடவிடும். பின்னாலேயே போய், அவர் எங்கே காலை எடுக்கிறார், எந்தக் கோட்டில் நுழைகிறார் என்று பார்க்கலாம். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத ஊரில் இது பெரிய உதவி. எனக்கு அப்படி ஒருவரும் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் கும்பகோணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்த ஒரே ஒரு வேகமான கணினியில் மணிக்கணக்காக உட்கார்ந்து அந்த நிழலைத் துரத்தியிருக்கிறேன். கோடு எனக்கு அங்கேதான் பிடிபட்டது. ஆனால் கால் பிடிபடவில்லை. தவறாக மிதித்தாலும் ஹீட் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது என்பது என் கைக்கும் காலுக்கும் தெரிந்த அனுபவம். அதனால் முதல் மாதம், வாரத்துக்கு இரண்டு மாலை, அதற்கு மேல் வேண்டாம்.

லெஜண்ட்ஸ் எனக்கு மிகவும் பிரியமானது, ஆனாலும் புதியவருக்கு வேண்டாம் என்கிறேன். 1970-இல் பின்னால் உயரமான இறக்கை வைத்த பிளிமத் சூப்பர்பேர்ட் ஓடியது. ரிச்சர்ட் பெட்டி அதை ஓட்டினார், அந்த வருடப் பட்டம் பாபி ஐசக்குக்குப் போனது. அந்தக் கார்கள் சறுக்கிக்கொண்டே திரும்பும். அதில் பழகியவர் நவீனக் காரையும் சறுக்க விடுவார், டயர் வெந்துபோகும். விளையாட்டின் அடித்தளமும் நாஸ்கார் ரேசிங் 3 காலத்தது, 2001 மாற்றத்துக்கு முந்தையது. 1994-இல் வந்த முதல் நாஸ்கார் ரேசிங்கை, பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கலாம். வரலாறு தெரிந்துகொள்ள நல்லது, அவ்வளவுதான்.

நேராக ஐரேசிங்குக்கே போய்விடலாமே என்று கேட்பீர்கள். போகலாம். 2008 முதல் நடக்கிறது, நேரடியாக ஆட்களோடு ஓட்டலாம். ஆனால் சந்தா கட்ட வேண்டும், கார்களும் தடங்களும் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். அங்கே நம் தவறு அடுத்தவர் பந்தயத்தையும் கெடுக்கும். வீட்டில் ஆயிரம் முறை சுவரில் இடித்து முடித்துவிட்டு அங்கே போவது மரியாதை.

எந்த விளையாட்டை எடுத்தாலும் எந்தத் தடத்தில் தொடங்குவது என்பதும் அதே அளவு முக்கியம். பெயரைக் கேட்டதும் எல்லோரும் டேடோனாவுக்கோ டல்லடேகாவுக்கோ ஓடுகிறார்கள். டல்லடேகா 2.66 மைல், வளைவில் 33 டிகிரி சாய்வு. 1987-இல் பில் எலியட் அங்கே தகுதிச் சுற்றில் மணிக்கு 212.809 மைல் வேகம் தொட்டார். அதே வருடம் பாபி அலிசனின் கார் பறந்து வேலியைக் கிழித்தது. அதன் பிறகு 1988 முதல் இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குறைக்க ரெஸ்டிரிக்டர் தகடு போட்டார்கள். அதனால் அந்த இரண்டு தடங்களிலும் தனியாக ஓடும்போது காலை எடுக்கவே தேவையில்லை. காலை எடுக்காத இடத்தில் காலைப் பழக்க முடியாது. கூட்டத்தில் ஒட்டி ஓடுவது தனி வித்தை, அது பின்னால்.

பையனுக்கு நான் வைத்த வரிசை: முதலில் மிச்சிகன். 2 மைல், 18 டிகிரி சாய்வு, அகலமான தடம், தவறு செய்தால் மீள இடம் இருக்கும். அடுத்து ராக்கிங்ஹாம், டயருக்காக. அப்புறம் மார்ட்டின்ஸ்வில், பிரேக்குக்காக. 0.526 மைல்தான், இரண்டு நீள நேர்ச்சாலை, இரண்டு ஊசி வளைவு, 12 டிகிரி சாய்வு. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை பலமாக பிரேக் பிடிக்க வேண்டும். பிரேக்கைப் பார்த்துச் செலவழிக்காதவர் பந்தயத்தின் பின்பாதியில் நிற்க முடியாமல் தவிப்பார். மூன்றிலும் எதிராளிகளின் பலத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, பின்னால் தொடர்ந்து போகப் பழகிவிட்டு அப்புறம் முந்தலாம். ரீப்ளேயில் எதிராளியின் காரில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சாதனங்கள் பற்றிச் சுருக்கமாக. கீபோர்டில் பழக முடியாது, அதில் ஆக்சிலேட்டருக்கு முழுசு அல்லது சுழி என்று இரண்டே நிலைதான். பழைய யுஎஸ்பி ஸ்டீரிங்கும் பெடலும் போதும். அதைவிடப் பழைய, 15 முள் செருகி வைத்தவை வேண்டாம், இன்றைய கணினியில் சொருக இடமில்லை. 900 டிகிரி சுற்றும் ஸ்டீரிங்காக இருந்தால் 270 அளவுக்குக் குறைத்து வையுங்கள். எங்கள் வீடுகளின் சிவப்பு சிமெண்ட் தரையில் பெடல் பிரேக் பிடிக்கப் பிடிக்கப் பின்னால் நகர்ந்துகொண்டே போகும். அடியில் ஒரு நெல் சாக்கை மடித்துப் போட்டு, பெடலின் பின்விளிம்பைச் சுவரோடு முட்டுக் கொடுத்தால் அசையாது. யுபிஎஸ் கட்டாயம். சாயங்காலம் மின்சாரம் ஒரு கண் சிமிட்டினால் நாற்பது சுற்றின் உழைப்பு போய்விடும்.

மூன்றாவது வாரம் என் பெட்டியை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன். ஆர்ஃபேக்டரையும் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, இப்போது வேண்டாம் என்றான். போன ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு படம் அனுப்பினான். ராக்கிங்ஹாம், எளிய செட்டப், 40 சுற்று. வலது முன் டயர் வலது பின் டயரை விட வெறும் ஒன்பது டிகிரி கூடுதல். கீழே ஒரு வரி: “அப்பா பாத்துட்டு, இப்ப சரின்னாங்க மாமா.”